மியூசிக் வீடியோ எடிட்டிங், ட்ரான்ஸிஷன்: திருமலைப் பெடியள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

திருமலையில, அதாவது திருகோணமலையில, இப்ப அல்பம் பாட்டு எடுக்காத பெடியள் குறைவு. போன் இருக்கு, கடல் இருக்கு, பாடுறதுக்கு ஒரு சினேகிதன் இருக்கிறான், பிறகென்ன. ஷூட் முடிச்சு ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வாற ஆக்கள் கேக்கிறது எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்வி, "அண்ணா இதுக்கு என்ன ட்ரான்ஸிஷன் போடலாம்?" இதை ஷூட்டுக்கு முதல் நாள் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது, அதால எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறன்.

ட்ரான்ஸிஷன் எண்டா சொஃப்ட்வெயரில இருக்கிற அந்த எஃபெக்ட் தானே அண்ணா?

இல்லை தம்பி. ஒரு ஷொட் முடிஞ்சு அடுத்த ஷொட் துவங்கிற இடம் எல்லாமே ட்ரான்ஸிஷன் தான், நேரா வெட்டி ஒட்டினாலும் ட்ரான்ஸிஷன் தான். டிஸோல்வ் (ஒரு படம் கரைஞ்சு அடுத்தது வாறது), ஃபேட், விப் பேன், மாஸ்க் (படத்தின்ட ஒரு பகுதியை மட்டும் கோடு கீறிப் பிரிக்கிறது), ஸூம், க்ளிச் (படம் பழுதான மாதிரி துள்ளுறது) எல்லாம் அதுக்கு மேல வாற சோடனை. உங்களுக்குப் பிடிச்ச வீடியோ ஒண்டை எடுத்து சத்தத்தை முழுசா நிப்பாட்டிப்போட்டு வெறும் படத்தை மட்டும் பாருங்கோ, கட் விழுற ஒவ்வொரு இடத்திலயும் விரலால மேசையில தட்டுங்கோ. எவ்வளவு காசு கொட்டி எடுத்த வீடியோவா இருந்தாலும் பெரும்பாலும் நேர் கட் தான் வரும், நீங்க "ஆ, செம ட்ரான்ஸிஷன்" எண்டு ஞாபகம் வச்சிருக்கிறது அதுக்க ரெண்டோ மூண்டோ தான்.

அப்ப ஒரு பாட்டுக்கு எத்தினை போடலாம்?

எண்ணிக்கை எல்லாம் இல்லை, எந்த இடத்தில எண்டது தான் விசயம். எங்கட பாட்டுகளுக்கு ஒரு வசதி இருக்கு, பல்லவி, இடையிசை, சரணம் எண்டு மூட்டுகள் தெளிவா இருக்கும். பெரிய ட்ரான்ஸிஷனை அந்த மூட்டில வையுங்கோ. பல்லவி முடிஞ்சு இடையிசை துவங்கிற இடத்தில லொக்கேஷன் மாறினா பாக்கிறவைக்கு அது இயல்பா இருக்கும், ஏனெண்டா காதிலயும் அந்த நேரம் ஏதோ ஒண்டு மாறுது. சரணத்துக்கு நடுவில, பாடுறவர் ஒரு வரியைப் பாதி சொல்லிக்கொண்டு நிக்கேக்க, படத்தைச் சுழட்டி அடிச்சா என்ன நடக்கும்? வரியும் கேக்காது, ஆளையும் பாக்க ஏலாது.

இன்னொண்டு, பல்லவி திரும்பத் திரும்ப வரும் தானே, ஒவ்வொரு முறையும் பல்லவிக்கு வாற அந்த மூட்டில ஒரே வகை ட்ரான்ஸிஷனை வச்சுப் பாருங்கோ. முதல் முறை ஒருத்தருக்கும் பெரிசாத் தெரியாது. மூண்டாவது முறை வரேக்க அந்தப் பாட்டுக்கெண்டே ஒரு முகம் வந்திடும். இருவது வகை போடுறதை விட இது எவ்வளவோ வடிவு, எடிட்டருக்கும் வேலை குறைவு.

பீட்டுக்கு வெட்டுறது எப்பிடி? நான் வெட்டினா ஏதோ பிந்தி விழுற மாதிரியே இருக்கு.

முதல்ல கணக்கைப் பாப்பம். 60-ஐ பாட்டுட பிபிஎம்மால (நிமிசத்துக்கு எத்தினை பீட் எண்டது) பிரிச்சா ஒரு பீட்டுக்கு எத்தினை செக்கன் எண்டு வரும், அதை ஃபிரேம் ரேட்டால (செக்கனுக்கு எத்தினை ஃபிரேம், அதாவது எத்தினை படம், ஓடுது எண்டது) பெருக்கினா எத்தினை ஃபிரேம் எண்டு வரும். 100 பிபிஎம் பாட்டு, 25 ஃபிரேம் டைம்லைன் (எடிட்டில ஷொட்டுகளை அடுக்கிற பட்டி) எண்டா ஒரு பீட் 0.6 செக்கன், 15 ஃபிரேம், அச்சொட்டா வருது. அதே டைம்லைனில 120 பிபிஎம் பாட்டு எண்டா ஒரு பீட் அரை செக்கன், அதாவது 12.5 ஃபிரேம். அரை ஃபிரேமில வெட்ட ஏலாது தானே. இங்க தான் கனபேர் மாட்டுறது, 12 ஃபிரேம் 12 ஃபிரேமா கொப்பி பண்ணி ஒட்டிக்கொண்டு போவினம், இருவது பீட் போகேக்க 10 ஃபிரேம் தள்ளிப் போயிருக்கும், அது 0.4 செக்கன், கண் தெரியாதவனுக்கும் தெரியும். அதால எண்ணி வெட்டாதைங்கோ. பாட்டைப் போட்டு ஓடவிட்டு, தாளத்துக்குக் கீபோர்டில எம் பட்டனைத் தட்டி மார்க்கர் போடுங்கோ, பிறகு ஸூம் பண்ணி அலை எழும்புற இடத்துக்கு ஒவ்வொரு மார்க்கரையும் இழுத்து வையுங்கோ.

பிந்தி விழுற மாதிரி இருக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சரியா பீட்டில வெட்டினா கண் புதுப் படத்தை உள்வாங்க ஒரு கணம் எடுக்கும், அதுக்குள்ள அடி விழுந்து முடிஞ்சிடும். ஒரு ஃபிரேம், ரெண்டு ஃபிரேம் முந்தி வெட்டிப் பாருங்கோ, டக்கெண்டு உக்காரும்.

குத்துப் பாட்டு எண்டா கவனம், கனக்க 6/8-ல தான் போகும், அதை நாலு நாலா எண்ணினா எங்கேயோ போயிடுவியள். ஆறில 1-ம் 4-ம் தான் காலுக்கு விழுற அடி, கட் அதில இருக்கட்டும்.

அதுக்காக ஒவ்வொரு பீட்டுக்கும் வெட்டோணும் எண்டில்லை, வெட்டவும் கூடாது. வோல்டர் மேர்ச் எண்டு ஹொலிவூட் எடிட்டர் ஒருத்தர், ஒரு கட் நல்ல கட்டா இல்லையா எண்டு பாக்க ஆறு விசயத்துக்குப் புள்ளி பிரிச்சு வச்சிருக்கிறார், அதில உணர்ச்சிக்கு 51 வீதம், தாளத்துக்கு வெறும் 10 வீதம். அவர் சொன்னது சினிமாப் படத்துக்கு, மியூசிக் வீடியோவில தாளத்தின்ட பங்கு கூட எண்டு நான் நினைக்கிறன், ஆனாலும் முகத்தில ஒரு நல்ல எக்ஸ்பிரஷன் ஓடிக்கொண்டு இருக்கேக்க பீட் வந்திட்டுது எண்டு வெட்டுற ஆளைக் கண்டா எனக்குக் கை பரபரக்கும்.

ட்ரான்ஸிஷன் பேக் காசு குடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். ஆனா அதே பேக்கை எல்லாரும் தான் வாங்கியிருக்கினம்.

ஷூட்டில என்ன செய்தா எடிட்டில நல்ல ட்ரான்ஸிஷன் வரும்?

இது தான் கேக்கவேண்டிய கேள்வி. நல்ல ட்ரான்ஸிஷன் ரெண்டு ஷொட்டில பாதி பாதியா எடுக்கிறது, முதல் ஷொட்டின்ட வால், அடுத்த ஷொட்டின்ட தலை. ரெண்டில ஒண்டு இல்லையெண்டாலும் எடிட்டர் பொய் தான் சொல்லோணும்.

விப் பேன் எண்டா கமராவை டக்கெண்டு ஒரு பக்கம் திருப்பி படத்தை இழுபட விடுறது. டச்சு பே கடற்கரையில பாடுறவர்ட ஷொட் முடியேக்க கமராவை இடமிருந்து வலம் சுழட்டினா, அடுத்த ஷொட் உப்புவெளியிலயோ எங்கேயோ எடுக்கேக்கயும் இடமிருந்து வலம் சுழட்டிக்கொண்டு வந்து தான் ஆளில நிக்கோணும். திசை மாறினா எந்த சொஃப்ட்வெயரும் காப்பாத்தாது. வேகமும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கோணும், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கிற நேரம்) 1/50 செக்கனில இருக்கோணும், பட்டப்பகல் வெயிலில ஷட்டர் தன்பாட்டில 1/2000-க்குப் போயிட்டா படம் இழுபடாது, ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி மாதிரி கூரா நிக்கும், பிறகு வெட்டு இருக்கிற இடம் பச்சையாத் தெரியும். போனில எடுக்கிறவை அதுக்காகத்தான் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) ஒண்டு வாங்கச் சொல்லுறது.

அடுத்தது எனக்கு மிச்சம் பிடிச்சது, முன்னால ஏதாவது போய் படத்தை மறைக்கிற வகை. சிவப்பு இ.போ.ச. பஸ் ஒண்டு போதும். ரோட்டுக்கு அங்கால பாடுறவர் நிக்கிறார், இங்கால நீங்க கமராவோட, நடுவால பஸ் போகுது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில 10 மீட்டர் நீளமான பஸ் ஒரு இடத்தைக் கடக்க 0.9 செக்கன் போல எடுக்கும், 25 ஃபிரேமில அது 22 ஃபிரேம். அந்த 22-க்குள்ள, பஸ் முழுப் படத்தையும் மூடியிருக்கிற ஏதாவது ஒரு ஃபிரேமில வெட்டி, இன்னொரு ஷொட்டை ஒட்டினா பஸ் போய் முடியேக்க ஆள் வேற உடுப்போட வேற இடத்தில நிப்பார். ரெண்டாவது ஷொட்டுக்கும் பஸ் வேணுமா எண்டு கேப்பியள், வேணாம், பஸ்ஸின்ட பின் விளிம்பை ஃபிரேம் ஃபிரேமா மாஸ்க் கீறி அதுக்குப் பின்னால புதுப் படத்தை வைக்கலாம், நேர் விளிம்பெண்டபடியா மாஸ்க் லேசு. பஸ்ஸுக்குப் பதிலா ஆளொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கால நடந்தா விளிம்பு வளைஞ்சு வளைஞ்சு போகும், கையும் ஆடும், ஒரு பின்னேரம் முழுக்கக் கீறவேண்டி வரும்.

மூண்டாவது இருட்டுக்க போறது. பிரட்றிக் கோட்டை வாசல் வளைவைப் பாருங்கோ, மதில் தடிப்பு, உள்ளுக்க நிழல். பாடுறவருக்குப் பின்னால கமரா போய் அந்த நிழலுக்க நுழையேக்க படம் இருண்டு வரும், அந்த இருட்டில வெட்டி அடுத்த பக்கம் நிலாவெளி மணலுக்க வெளிய வரலாம். ஒரு நிபந்தனை, எக்ஸ்போஷரை (கமரா எடுக்கிற வெளிச்ச அளவை) லொக் பண்ணோணும். ஓட்டோவில விட்டா வாசலுக்க போன உடனே கமரா புத்திசாலித்தனமா வெளிச்சத்தைக் கூட்டி கல்லு, கரி, சுவர்ல எழுதியிருக்கிறது எல்லாத்தையும் காட்டும், இருட்டு கிடைக்கவே கிடைக்காது. கோட்டைக்க ஆமி இருக்கிறதால முதலே கேட்டுப் பர்மிஷன் எடுத்திட்டுப் போங்கோ. மான் குறுக்கால வந்தா விரட்டாதைங்கோ, எடுங்கோ, அது இலவச ட்ரான்ஸிஷன்.

மட்ச் கட் எண்டு சொல்லுறாங்களே, அது என்ன?

ரெண்டு ஷொட்டிலயும் ஒரே வடிவம், ஒரே இடத்தில, ஒரே அளவில. எங்கட ஊர் இதுக்கெண்டே செய்த மாதிரி. சூரியன் எழும்புறது டச்சு பே, உப்புவெளிப் பக்கம் கடலுக்கால, விழுறது ஊருக்கு மற்றப் பக்கம் உள் துறைமுகத்துக்கு மேலால. விடியவும் பின்னேரமும் ஒரே லென்ஸில, சூரியனை ஃபிரேமில அதே இடத்தில வச்சு எடுத்தா ஒரு நாள் முழுக்க ஒரு கட்டில போயிடும். போனில எடுக்கிறதெண்டா கிரிட் கோட்டைப் போட்டு, முதல் ஷொட்டை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சுக்கொண்டு அதைப் பாத்துப் பாத்து ரெண்டாவதை அமையுங்கோ, ஞாபகத்தை நம்பாதைங்கோ.

1991-ல மைக்கல் ஜாக்சன்ட வீடியோ ஒண்டில ஒரு முகம் இன்னொரு முகமா உருகி மாறிக்கொண்டே போனதை உலகமே வாயைப் பிளந்து பாத்தது. கொம்பியூட்டர் வேலை தான், ஆனா அது ஒட்டினதுக்கு முக்கிய காரணம் எல்லா முகமும் கிட்டத்தட்ட ஒரே அளவில, ஒரே நேரில எடுத்திருந்தது. இப்ப அந்த எஃபெக்ட் போனுக்கயே வந்திட்டுது, முகத்தை நேரா வச்சு எடுக்கிற பொறுமை மட்டும் இன்னும் வரேல்லை.

ஜம்ப் கட் (கமராவை அசைக்காமல் எடுத்த ஷொட்டில நடுவில கொஞ்சத்தை வெட்டிப் படத்தைத் துள்ளவிடுறது) எண்டா பிழை எண்டு ஒரு சேர் சொன்னவர், உண்மையோ?

மியூசிக் வீடியோவில பிழையே இல்லை. சினிமா துவங்கின காலத்திலயே இதைக் கண்டுபிடிச்சிட்டினம். ஜோர்ஜ் மெலியே எண்ட பிரெஞ்சுக்காரர் பாரிஸில ரோட்டைப் படம் எடுத்துக்கொண்டு நிக்கேக்க கமரா இறுகி நிண்டிட்டுதாம், சரிபண்ணித் திரும்ப ஓடவிட்டுப் பிறகு போட்டுப் பாத்தா போய்க்கொண்டிருந்த பஸ் வண்டி திடீரெண்டு பிரேத வண்டியா மாறியிருந்துதாம். அவரே பிற்காலத்தில சொன்ன கதை இது. நீங்கள் இப்ப ரீல்ஸில விரல் சொடுக்கி உடுப்பு மாத்துறது எல்லாம் அந்த 1890-கள் விளையாட்டுத்தான். ஒரு விசயம் மட்டும், உடுப்பு மாத்தேக்க ட்ரைபொட் ஆடக்கூடாது, ஆள் நிண்ட இடத்தில மணலில ஒரு குச்சி குத்தி அடையாளம் வையுங்கோ. காத்துக் காலத்தில தலைமயிர் ஒரு பக்கம் பறந்துகொண்டு இருந்திருந்தா மற்ற ஷொட்டிலயும் அதே பக்கம் பறக்கோணும், கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) ஓய்ஞ்சாப் பிறகு வந்து எடுத்தா ஒட்டாது.

டான்ஸ் ஷொட்டுகளை எங்க வெட்டுறது?

அசைவு துவங்கினாப் பிறகு, முடியிறதுக்கு முதல். கை மேல போகத் துவங்கி மூண்டு நாலு ஃபிரேம் போனதும் வெட்டி, அடுத்த கோணத்தில அதே கை தொடர்ந்து போறதை ஒட்டுங்கோ. கண் கையோட போயிடும், கட் தெரியாது. இதுக்கு ஒரே ஸ்டெப்பை வைட்டில ஒருக்கா, கிட்டத்தில ஒருக்கா, முழுசா ஆடி எடுத்திருக்கோணும். "கிட்டத்து ஷொட்டுக்குக் கடைசி ரெண்டு ஸ்டெப் மட்டும் போதும் அண்ணா" எண்டுவினம், போதாது.

ஸ்லோ மோஷனில ஆள் நடக்கோணும், ஆனா வாய் பாட்டுக்குச் சரியா அசையோணும். எப்பிடி?

பாட்டை வேகமா ஓடவிட்டு எடுக்கிறது. 50 ஃபிரேமில எடுத்து 25 டைம்லைனில போட்டா எல்லாம் பாதி வேகமாகும், அப்ப வாயும் பாதி வேகமாகும். அதால ஷூட்டில பாட்டை ரெண்டு மடங்கு வேகத்தில போட்டு பாடுறவரை அந்த வேகத்துக்கு வாயசைக்கச் சொல்லோணும். எடிட்டில வாய் சரியான வேகத்துக்கு வந்திடும், நடை, சேலை, கடல் அலை எல்லாம் மெதுவாப் போகும்.

ரெண்டு மடங்கு கஷ்டம் எண்டுறவைக்கு ஒரு லேசான வழி. போனில 30 ஃபிரேமில எடுத்து 25 டைம்லைனில ஃபிரேமுக்கு ஃபிரேமா போட்டா கொஞ்சம் தான் மெதுவாகும், பாட்டை 120 வீதத்தில போட்டாக் காணும். 24 டைம்லைன் எண்டா 125 வீதம். சுருதி ஏறாமல் வேகத்தை மட்டும் கூட்டி வச்ச ஃபைலை ஷூட்டுக்கு முதல் நாளே போனில போட்டுக் கொண்டு போங்கோ, பாடுறவருக்கும் அதை வட்சப்பில அனுப்பிப் பழகச் சொல்லுங்கோ. வேகமாப் பாடுறதைக் கேட்டு கடற்கரையில நிக்கிற சின்னப் பெடியள் சிரிப்பாங்கள், அதுக்கும் ஆளைத் தயார்படுத்தி வையுங்கோ.

லிப் சிங்க் (பாட்டுக்கு வாயசைவு பொருந்திறது) துவக்கத்தில சரி, போகப் போக விலகுது. ஏன்?

பெரும்பாலும் போன் தான் காரணம். கன போன்கள் ஃபிரேம் ரேட்டை ஒரே அளவில வச்சிருக்காது, வெளிச்சம் குறைஞ்சா, போன் சூடாகினா கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக் எண்ட இலவச சொஃப்ட்வெயரில போட்டு கொன்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு மாத்திப்போட்டு எடிட்டுக்குக் கொண்டு வாங்கோ.

துவக்கத்திலயே விலகியிருந்தா அது வேற. சத்தம் செக்கனுக்கு 340 மீட்டர் போல தான் போகும். ஸ்பீக்கரை காருக்குப் பக்கத்தில வச்சிட்டு பாடுறவரை 34 மீட்டர் தள்ளி அலைக்கரையில நிப்பாட்டினா அவருக்குப் பாட்டு 0.1 செக்கன் பிந்தித்தான் கேக்கும், ரெண்டரை ஃபிரேம். அவர் பாவம் கேட்டதுக்குச் சரியாத்தான் வாயசைப்பார். ஸ்பீக்கரைத் தூக்கி அவர்ட காலடியில, ஃபிரேமுக்கு வெளியால வையுங்கோ. கமராவிலயும் சத்தம் பதியட்டும், அந்த அலையைப் பாத்துத்தான் மாஸ்டர் பாட்டோட (ஸ்டுடியோவில முடிச்ச கடைசிப் பதிவோட) சேர்க்கிறது. மாஸ்டரை வேவ் ஃபைலா ஸ்டுடியோவில கேட்டு வாங்குங்கோ.

ஸ்பீட் ராம்ப் (ஒரே ஷொட்டுக்குள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) பண்ணினா தண்ணி எல்லாம் களி மாதிரி இழுபடுதே?

25-ல எடுத்ததை 30 வீதத்துக்கு மெதுவாக்கினா இல்லாத ஃபிரேமை சொஃப்ட்வெயர் தான் கற்பனை பண்ணோணும். ஒப்டிகல் ஃப்ளோ அதைத்தான் செய்யிது. வெறும் சுவருக்கு முன்னால நடக்கிற ஆளுக்குச் சரிவரும், தெறிக்கிற தண்ணி, சைக்கிள் சில்லு, ஆடுற விரல், இதுகளுக்குச் சரிவராது. கடலுக்க பாயிற ஷொட் எண்டா 100 ஃபிரேமிலயோ 120-லயோ எடுங்கோ. ராம்பின்ட மெதுவான இடம் பாயேக்க உச்சியில இருக்கட்டும், வேகம் திரும்புற இடம் தண்ணியில விழுற அடியில, அந்த அடி பாட்டுட அடியில.

டிஸோல்வ் பழைய காலத்து கல்யாண வீடியோ மாதிரி இருக்கு எண்டு சொல்லுறாங்கள்.

இதயம் வடிவத்துக்குள்ளால மாப்பிள்ளை பொம்பிளை வாறதைப் பாத்து வளந்த ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். மெதுவான பாட்டுக்கு, காலம் போறதைக் காட்ட, நினைவுக்குப் போக, டிஸோல்வை விடக் குறைவான சத்தத்தோட வேலை செய்யிற சாமான் ஒண்டும் இல்லை. நீளத்தை மட்டும் பாட்டுட தாளத்துக்கு வையுங்கோ, சொஃப்ட்வெயர் தாற ஒரு செக்கனை அப்பிடியே விடாதைங்கோ. கரைவலை இழுக்கிறவையை வச்சு ஒரு பாட்டுக்கு வேலை செய்யேக்க, ஒரு இழுவைக்கு ஒரு டிஸோல்வ் எண்டு அம்பாப் பாட்டின்ட (வலை இழுக்கேக்க பாடுறது) மூச்சு அளவுக்கு நீட்டி வச்சம், நல்லாத்தான் வந்தது.

ஃப்ளாஷ், ஸ்ட்ரோப் போடலாமா?

பீட்டுக்கு ஒரு வெள்ளை ஃபிரேம் எண்டு போட ஆசையாத்தான் இருக்கும். செக்கனுக்கு மூண்டு தரத்துக்கு மேல மின்னினா வலிப்பு உள்ள சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும், 1997 டிசம்பரில ஜப்பானில ஒரு கார்ட்டூன் பாத்துப்போட்டு 685 பிள்ளைகளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவை, சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னினது தான் காரணம். மூண்டுக்குக் கீழ வையுங்கோ, முழுச் சிவப்பை மின்னவிடாதைங்கோ.

இதோட சேர்த்து, நீங்க போடாமலே வாற மினுக்கம் ஒண்டு இருக்கு, ரூமுக்க லைட்டில எடுக்கேக்க கறுப்புக் கோடு கோடா ஓடும். அமெரிக்காக்காரன்ட வீடியோ பாத்து ஷட்டரை 1/60-ல வைக்கிறதால வாறது. அங்க கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்க 50. இங்க 1/50 இல்லாட்டி 1/100 தான்.

எந்த சொஃப்ட்வெயர் அண்ணா?

லப்டொப் கொஞ்சம் பலமா இருந்தா டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பிலயே 4கே வரைக்கும் எடுக்கலாம், கலர் வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. போன் மட்டும் தான் எண்டா கேப்கட்டோ வி.என்னோ, எதுவானாலும் சரி. சொஃப்ட்வெயர் மாத்தினா கட் நல்லா வராது.

ட்ரோன் ஷொட்டை ட்ரான்ஸிஷனாப் பாவிக்க ஏலுமா?

ஏலும், ஆளிட தலைக்கு மேலால எழும்பி வானம் மட்டும் தெரியிற வரைக்கும் போய், வானத்தில வெட்டி இன்னொரு இடத்தில இறங்கலாம். ஆனா திருமலை எண்டதை மறக்காதைங்கோ. சீனக்குடாவில எயார்ஃபோர்ஸும் விமான நிலையமும், டொக்யார்ட்டில நேவி, புறாத்தீவு தேசியப் பூங்கா எண்டபடியா வனசீவராசிகள் திணைக்களத்திட்ட கேக்கோணும், ட்ரோனையும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதிஞ்சு பர்மிஷன் எடுக்கோணும். கேக்காமல் பறக்கவிட்டா ட்ரோன் மட்டும் போகாது, ஆளும் போகவேண்டி வரும்.

கச்சான் காலத்தில காத்து கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். போகேக்க ட்ரோன் சந்தோசமாப் போகும், திரும்பி வரேக்க எதிர்க்காத்து, பட்டரி மளமளவெண்டு இறங்கும். பாதிக்கு மேல பட்டரி இருக்கேக்கயே திருப்புங்கோ.

காலமை எடுத்த ஷொட்டும் மத்தியானம் எடுத்த ஷொட்டும் ஒட்டேல்லை, ட்ரான்ஸிஷன் போட்டு மறைக்கலாமா?

அரை செக்கனுக்கு மறைக்கலாம். ட்ரான்ஸிஷன் முடிஞ்சாப் பிறகு வாற முகத்தில மூக்கு நிழல் வேற பக்கம் விழுந்திருக்கே, அதுக்கு என்ன செய்யிறது? வைட் பலன்ஸை கையால வச்சு எடுத்திருந்தா கலரைக் கிட்டக் கொண்டு வரலாம், நிழலைத் திருப்ப ஏலாது. வேற வழியில்லாட்டி ரெண்டுக்கும் நடுவில ஆள் இல்லாத ஷொட் ஒண்டைப் போடுங்கோ, வள்ளம், வலை, காலடி, எதெண்டாலும்.

காசு போட்ட மாமா கனடாவில இருந்து கோல் எடுத்து "எஃபெக்ட் காணாது தம்பி" எண்டு நிக்கிறார். என்ன செய்ய?

முதல்ல கோவிக்காதைங்கோ, காசு அவர்ட. "சரி மாமா, ரெண்டு விதமா ஒருக்கா அனுப்பிறன் பாருங்கோ" எண்டு சொல்லி, பல்லவியில இருவது செக்கனை மட்டும் எடுத்து ஒண்டை அவர் கேட்ட மாதிரி எல்லாம் சுழட்டி, மற்றதை நீங்க நினைச்ச மாதிரி செய்து அனுப்புங்கோ. விளக்கம் எழுதாதைங்கோ. வீட்டில மாமி, பிள்ளைகள் எல்லாருமா ரீவியில போட்டுப் பாப்பினம், தலை சுத்துது எண்டு மாமியே சொல்லுவா. அப்பிடியும் அவர் விடாட்டி இடையிசையைக் குடுத்திடுங்கோ, ஆடட்டும், அங்க வரி இல்லை, வாய் இல்லை, பெரிய சேதம் வராது. டைட்டிலில அவர்ட பேர் வாற இடத்திலயும் ஏதாவது மினுக்கி விடுங்கோ.

ரீல்ஸுக்கும் யூரியூப்புக்கும் ஒரே எடிட் போதுமா?

போதாது. அகலப் படத்தில இடமிருந்து வலம் போற விப் பேன் நெட்டுக்குத்துப் படத்தில ஓட இடமில்லாமல் அந்தரப்படும், அங்க மேலிருந்து கீழ போற அசைவு தான் எடுபடும். அதோட அகலத்தில ஓரத்தில நிண்ட ஆள் நெட்டுக்கு வெட்டேக்க காணாமப் போயிடுவார். ரீல்ஸ் வேணுமெண்டு முதலே தெரிஞ்சா முக்கியமான ரெண்டு மூண்டு ஷொட்டை போனை நிமித்திப் பிடிச்சுத் தனியா எடுங்கோ.

எக்ஸ்போர்ட் பண்ணேக்க நல்லா இருந்த வீடியோ யூரியூப்பில ஏத்தினாப் பிறகு கட்டம் கட்டமா உடையுது.

யூரியூப் நீங்க குடுக்கிறதைத் திரும்ப நசுக்கித்தான் வைக்கும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் வித்தியாசம் கூடக் கூட நசுக்கிறது கஷ்டம், எங்கட கடலே வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு நிக்கும், அதுக்கு மேல லைட் லீக், தூசு, கிரெயின் எண்டு ஓவர்லே (படத்துக்கு மேல ஒட்டுற படலம்) போட்டு, அதுக்கு மேல க்ளிச்சும் போட்டா அது உடையாமல் என்ன செய்யும். கடல் வாற ஷொட்டில ஓவர்லேயைக் கழட்டுங்கோ. எக்ஸ்போர்ட் பிட்ரேட் (செக்கனுக்கு எத்தினை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ், எண்டது) 1080-ல 25 ஃபிரேமுக்கு 8 எம்பிபிஎஸ், 50 ஃபிரேமுக்கு 12, 4கே எண்டா 35 தொடக்கம் 45 வரைக்கும் யூரியூப்பே சொல்லுது, அதை விடக் கூட்டி ஏத்தினாலும் பிழையில்லை. டேட்டா இருந்தா 1080-ல எடுத்ததையும் 4கே டைம்லைனில போட்டு எக்ஸ்போர்ட் பண்ணி ஏத்திப் பாருங்கோ, அங்க நசுக்கிற விதம் மாறும், தண்ணி கொஞ்சம் தெளியும். ஏத்தின உடனே பாத்திட்டு எனக்கு கோல் எடுக்காதைங்கோ, 4கே பதிப்பு தயாராக நேரம் எடுக்கும், அது வரைக்கும் மங்கலாத்தான் கிடக்கும். அன்லிஸ்டட்ல (லிங்க் உள்ளவை மட்டும் பாக்கிற விதத்தில) போட்டு வச்சிட்டு தெளிஞ்சாப் பிறகு பப்ளிக் ஆக்குங்கோ.